ஸ்டட் அறுந்துபோவதற்கு முன்பே பலம் போய்விடுகிறது

19 மி.மீ. விட்டமுள்ள ஒரு ஸ்டட்டை (தலை பருத்த ஆணி மாதிரி ஸ்டீல் துண்டு) எம்40 தரக் கான்கிரீட்டுக்குள் புதைத்து, ஒரே தடவை, மெதுவாகத் தள்ளிப் பார்த்தால் சுமார் 10 டன் வரை தாங்கும். அதே ஸ்டட்டில் இரண்டரை டன்னை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, 20 லட்சம் தடவை செய்தால் அது அடியோடு அறுந்துபோகலாம் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது ஐரோப்பியக் கட்டுமான விதியான யூரோகோடு. சுமை கால் பங்குதான், ஆனாலும் தாங்காது.

ஸ்டீல் கர்டர்மேல் (நீள உத்திரம்) கான்கிரீட் ஸ்லாப் (தளம்) போட்ட பாலங்களை வடிவமைக்கிறவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. எக்செல்லில் ஒரு ஷீட்டில் முதல் எண், இன்னொரு ஷீட்டில் இரண்டாவது எண், இரண்டும் பச்சையாக வந்ததும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருப்பது, அந்த ஷீட்டில் நடப்பது இந்த ஷீட்டுக்குத் தெரியாது என்பதுதான். முதல் ஷீட்டைப் பொறுத்தவரை, அந்த ஸ்டட் நூறாவது வருஷத்திலும் பத்து டன் தாங்கும். இரண்டாவது ஷீட்டைக் கேட்டால் நூறாவது வருஷத்தில் அது அறுந்துபோகிற நிலையில் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும்? அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமாகப் போகும்.

தெரியாதவர்களுக்காக அடிப்படையை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரே அளவான இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு முனையிலும் செங்கல் கொடுத்து, நடுவில் ஏறி நின்றால் பலகைகள் வளையும், வளையும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவது முனையில் நன்றாகத் தெரியும். அதே இரண்டையும் நல்ல பசையால் ஒட்டிவிட்டு ஏறினால் வளைவு கால் பங்காகக் குறைந்துவிடும். பாலத்தில் கீழ்ப்பலகை ஸ்டீல் கர்டர், மேல்பலகை கான்கிரீட் ஸ்லாப், பசைக்குப் பதிலாக ஷியர் கனெக்டர்கள், பெரும்பாலும் நான் மேலே சொன்ன ஸ்டட்டுகள். தலை பருத்த ஆணிபோல கர்டரின் மேல் ஃபிளாஞ்சில் (மேல்பக்கத் தட்டைப் பட்டை) வரிசையாக வெல்டு செய்து நிறுத்தியிருப்பார்கள். உடம்பு வழுக்கலைத் தடுக்கும், தலை ஸ்லாப் மேலே எழும்பாமல் பிடித்துக்கொள்ளும்.

இந்த ஸ்டட் பாலத்துக்காகப் பிறந்தது இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கலிஃபோர்னியாவின் மேர் ஐலண்ட் கப்பல் தளத்தில், ஸ்டீல் தளத்தின்மேல் மரப்பலகை பொருத்த டெட் நெல்சன் கண்டுபிடித்த வெல்டிங் முறைதான் ஆரம்பம். துப்பாக்கி மாதிரி ஒரு கருவியில் ஸ்டட்டைச் செருகி, தொட்டு, விசையை அழுத்தினால் ஒரு நொடிக்குள் ஒட்டிவிடும். இன்றைக்கும் பல இடங்களில் அதை நெல்சன் ஸ்டட் என்றுதான் சொல்கிறார்கள். போருக்குப் பிறகு பாலக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இவான் வீஸ்ட் 1950களில் இதைச் சோதித்து, சுமையை எடுத்த பிறகும் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு வழுக்கல் மிஞ்சினால் அதுதான் பயன்படுத்தத் தக்க எல்லை என்று வைத்தார். அதாவது 0.08 மி.மீ. கூட இல்லை. அந்த எல்லையின்மேல் பாதுகாப்புக் காரணியும் போட்டதால் அந்தக் காலத்துப் பாலங்களில் ஸ்டட்டுகள் முள்ளம்பன்றி மாதிரி நெருக்கமாக நிற்கும். செலவு அதிகம்தான், ஆனால் ஃபட்டீக் (சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் சேதம்) பற்றித் தனியாகக் கவலைப்படாமலே தப்பித்தார்கள்.

அந்தத் தாராளத்தைக் கேள்வி கேட்டது பென்சில்வேனியாவின் பெத்லஹெம் நகரில் உள்ள லீஹை பல்கலைக்கழகம். அங்கே ரோஜர் ஸ்லட்டர், ஜான் ஃபிஷர் இருவரும் ஸ்டட்டுகளையும் நாலு அங்குல சேனல் (ஆங்கில C வடிவ ஸ்டீல்) துண்டுகளையும் திரும்பத் திரும்பச் சுமையேற்றி முறித்துப் பார்த்து 1966-இல் முடிவை வெளியிட்டார்கள். அதில் முக்கியமான கண்டுபிடிப்பு, ஆயுளைத் தீர்மானிப்பது உச்சச் சுமை இல்லை, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம், அதாவது தகைவு வீச்சு என்பது. கான்கிரீட்டின் தரம்கூடப் பெரிய விஷயமாக இல்லை. நிரந்தரமாக அழுத்திக்கொண்டிருக்கும் சுமை ஸ்டட்டை அவ்வளவாகப் பாதிப்பதில்லை, லாரி வந்து போகும்போது ஏறி இறங்குகிறதே, அதுதான் தின்கிறது.

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாலங்களுக்கான ஆஷ்டோ விதி இன்றைக்கும் அந்தச் சோதனைகளில் வந்த வீச்சு–ஆயுள் கோட்டைத்தான் வைத்திருக்கிறது. 20 லட்சம் சுற்றுக்கு (ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு சுற்று) 19 மி.மீ. ஸ்டட்டுக்கு அது அனுமதிக்கும் வீச்சு சுமார் 1.9 டன். யூரோகோடு அதே சுற்றுக்கு ஒரு சதுர மி.மீ.க்கு 90 நியூட்டன் என்கிறது, கணக்குப் போட்டால் சுமார் 2.6 டன். ஒரே ஸ்டட், ஒரே லாரி, இரண்டு கண்டத்துக்கு இரண்டு பதில். இதில் யார் சரி என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. கோட்டின் வடிவமே இரண்டிலும் வேறு: அமெரிக்கர்கள் வரைபடத்தில் ஒரு அச்சை மட்டும் லாக் (மடக்கை அளவு) ஆக வைத்தார்கள், ஐரோப்பியர்கள் இரண்டையும் லாக் ஆக வைத்து, சாய்வு எட்டு என்றார்கள்.

சாய்வு எட்டு என்றால் என்ன என்பதைப் பலர் நின்று யோசிப்பதில்லை. வீச்சு எவ்வளவு மடங்கு கூடுகிறதோ, அதன் எட்டாம் அடுக்கு அளவுக்கு ஆயுள் குறையும். பத்து சதவீதம் கூடினால் ஆயுள் பாதிக்கும் கீழே. இருபது சதவீதம் கூடினால் நாலில் ஒரு பங்குக்கும் கீழே. ஐம்பது சதவீதம் கூடினால் இருபத்தைந்தில் ஒரு பங்கு. நம் ஊர்ப் பாலச் சுமை விதியான ஐஆர்சி:6-இல் ஃபட்டீக் கணக்குக்கு 40 டன் லாரி ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். துறைமுகம், சுரங்கம், கனரகத் தொழிற்சாலை பக்கத்துப் பாலமாக இருந்தால் 1 கோடி சுற்று, மற்றவற்றுக்கு 20 லட்சம். நாளைக்கு ஆயிரம் கனரக லாரி போகிற சாலையில் 20 லட்சத்தை எட்ட ஐந்தரை வருஷம் போதும், 1 கோடிக்கு இருபத்தேழு வருஷம். அத்தனை லாரியும் 40 டன் இருக்காது என்பது நமக்குச் சாதகம். மணலும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு அதற்கு மேலே போகிற லாரிகள் பாதகம், எட்டாம் அடுக்கு இருப்பதால் இந்தப் பாதகம் அந்தச் சாதகத்தைச் சுலபமாக விழுங்கிவிடும். காரும் பைக்கும் எத்தனை கோடி போனாலும் ஸ்டட்டுக்கு ஒன்றுமே இல்லை, அவற்றைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். காலேஜில் ஷியர் ஃபோர்ஸ் (வெட்டு விசை) டயக்ராம் போடச் சொல்லிக் கொடுக்கும்போது, சாதாரண ஒரு ஸ்பானில் (இரண்டு தாங்கிகளுக்கு இடைப்பட்ட நீளம்) ஷியர் முனைகளில் அதிகம், நடுவில் பூஜ்யம் என்று மனதில் பதிந்துவிடுகிறது. அதனால் ஸ்டட்டை முனைகளில் நெருக்கமாகவும் நடுவில் அகலமாகவும் வைப்பது இயல்பாகத் தோன்றும். ஒரு தடவை ஏறும் சுமைக்கு அது சரிதான். ஆனால் ஒரே ஒரு சக்கர அச்சின் சுமை பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு உருண்டு போவதாக வைத்துக்கொள்ளுங்கள். சுமை பத்து டன் என்றால், முனையில் ஷியர் பூஜ்யத்திலிருந்து பத்து வரை போய்த் திரும்புகிறது, வீச்சு பத்து. நடுவில்? சக்கரம் நடுப்புள்ளியைத் தாண்டுவதற்குச் சற்று முன்பு ஷியர் ஒரு பக்கமாக ஐந்து, தாண்டியதும் எதிர்ப்பக்கமாக ஐந்து. வீச்சு அங்கேயும் பத்து. கால் பங்குத் தூரத்தில் போட்டுப் பாருங்கள், அங்கேயும் பத்துதான் வரும். ஸ்பான் முழுக்க எந்த இடத்தில் வெட்டினாலும் வீச்சு ஒன்றே.

பல அச்சுகள் உள்ள நிஜ லாரிக்கு நடுவில் வீச்சு கொஞ்சம் குறையும், ஆனால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்கூடப் போகாது. இந்த நிலையில் முனையில் 150 மி.மீ., நடுவில் 300 மி.மீ. என்று இடைவெளி வைத்தால், நடுவில் உள்ள ஒவ்வொரு ஸ்டட்டும் ஏறக்குறைய இரட்டிப்பு வீச்சை வாங்குகிறது. இரண்டின் எட்டாம் அடுக்கு 256. படத்தில் பார்க்க மிக நியாயமாகத் தெரிகிற அந்த இடைவெளி, நடு ஸ்டட்டுகளின் ஆயுளை 256-இல் ஒரு பங்காக்கிவிடலாம். திசை மாறி மாறி வரும் சுமையில் ஸ்டட் சற்று அதிக நாள் தாக்குப்பிடிக்கிறது என்று லீஹை சோதனைகளிலேயே தெரிந்தது என்றாலும், 256-ஐ ஈடுகட்ட அது போதாது. நடுப்பகுதியில் ஸ்டட்டைக் குறைத்துச் செலவு மிச்சப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஃபட்டீக் ஷீட்டைத்தான்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? ஸ்டட்டின் உடம்பு முழுக்கச் சமமாக வேலை செய்வதில்லை. கான்கிரீட் தள்ளுவதில் பெரும்பங்கு அடியில், வெல்டைச் சுற்றி நிற்கும் காலர் பகுதியிலும் அதற்குச் சற்று மேலேயும்தான் விழுகிறது. அந்த இடத்துக் கான்கிரீட் நாலு பக்கமும் சிறைப்பட்டிருப்பதால் சாதாரண க்யூப் பலத்தைவிட (கான்கிரீட் கனசதுரத்தை நசுக்கிப் பார்க்கும் பலம்) பல பல மடங்கு தாங்கும். திரும்பத் திரும்பச் சுமை வரும்போது காலருக்கு முன்னால் இருக்கும் கான்கிரீட் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியாகிறது. பொடியானதும் தள்ளும் இடம் மேலே நகர்கிறது, ஸ்டட் வெறும் வெட்டு விசையோடு வளையவும் தொடங்குகிறது, அந்த வளைவு நேராகப் போய் விழுவது வெல்டு காலரின் ஓரத்தில். அந்தக் காலர், வெல்டு ஆகும்போது உருகிப் பிதுங்கி வெளியே வந்த உலோகம், யாரும் அளவெடுத்துச் செய்தது இல்லை. மேல் ஓரத்தில் ஒரு வெட்டு, கீழ் ஓரத்தில் ஒரு வெட்டு, கூடவே குளிரும்போது தங்கிப்போன இழுவிசை. விரிசல் பிறப்பதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. அங்கிருந்து அது ஸ்டட்டின் அடியைக் குறுக்காக அறுத்துக்கொண்டு போகலாம், அல்லது கீழே ஃபிளாஞ்சுக்குள் குடைந்துகொண்டு போகலாம். தொடர் பாலங்களில் தூணுக்கு மேலே மேல் ஃபிளாஞ்சு இழுவிசையில் இருக்கும், அங்கே இரண்டாவது வகைதான் கர்டருக்கே ஆபத்து. அதனால்தான் யூரோகோடு அந்த இடத்தில் ஃபிளாஞ்சின் வீச்சையும் ஸ்டட்டின் வீச்சையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கச் சொல்கிறது.

இந்த விரிசல் எப்போது தொடங்குகிறது என்பதுதான் என்னுடைய முதல் கேள்விக்கான பதில். கடைசிக் காலத்தில்தான் தொடங்குகிறது என்றால் இரண்டு ஷீட்டும் தனித்தனியாக இருப்பதில் தவறில்லை. ஆனால் ஜெர்மனியின் வுப்பர்டால் பல்கலைக்கழகத்தில் ஹன்ஸ்வில்லெ குழுவினர் சோதனைகளை நடுவில் நிறுத்தி, ஸ்டட்டை அங்கேயே முறித்து, உள்ளே பார்த்து 2007-இல் வெளியிட்டபோது தெரிந்தது, ஆயுளின் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள்ளேயே விரிசல் பிறந்துவிடுகிறது என்று. மிச்சக் காலம் முழுவதும் அது வளர்கிறது. நடுவில் எந்தக் கட்டத்தில் நிறுத்தி முறித்தாலும் புது ஸ்டட்டின் பலம் வரவில்லை.

இதை அவர்களுக்கு முன்பே சொன்னவர் டெரிக் ஓலர்ஸ் என்ற ஆய்வாளர். 1990-இல் அமெரிக்க சிவில் இன்ஜினியர்கள் சங்கத்தின் ஆய்விதழில் வந்த அவருடைய கட்டுரை, சுமைச் சுற்று தொடங்கியதிலிருந்தே ஸ்டட்டின் பலம் சரிய ஆரம்பித்துவிடுகிறது என்று நேரடியாகச் சொன்னது. யோசித்துப் பார்த்தால் இதில் மர்மம் எதுவும் இல்லை. ஒரு ஸ்டட் எந்த நாளில் அறுகிறதோ, அந்த நாளில் அதன் மிச்ச பலம் அன்றைக்கு வந்த சுமைக்குச் சமமாகக் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான் அறுதல் என்பதன் அர்த்தம். பத்து டன்னில் தொடங்கி அந்த நிலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றால், நடுவில் ஏழு டன்னாகவும் ஐந்து டன்னாகவும் இருந்த நாட்கள் கட்டாயம் இருந்திருக்க வேண்டும். அந்த நாட்களில் ஒன்றில் நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வரக்கூடிய பெரிய சுமை வந்தால் என்ன ஆகும் என்று முதல் ஷீட் கேட்பதே இல்லை.

இதே தர்க்கம் ஸ்லட்டர்–ஃபிஷர் முடிவையும் கொஞ்சம் அசைக்கிறது. வீச்சு ஒன்றாகவே இருந்து உச்சம் மட்டும் அதிகமாக இருந்தால், சரிந்துகொண்டே வரும் பலம் அந்த உச்சத்தைச் சீக்கிரமே சந்தித்துவிடும், ஆயுள் அங்கேயே முடிந்துவிடும். ஆக உச்சச் சுமைக்கும் பங்கு உண்டு. ஓலர்ஸும் அதைத்தான் வாதிட்டார், ஹன்ஸ்வில்லெ குழுவினரின் சோதனைகளிலும் அதுதான் வந்தது. யூரோகோடில் சாதாரணப் பயன்பாட்டின்போது ஒரு ஸ்டட்டுக்கு வரும் சுமை அதன் வடிவமைப்புப் பலத்தில் 75 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. பலர் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போகிற வரி. இரண்டு ஷீட்டுக்கும் இடையே இருக்கிற ஒரே தொடர்பு என்று நான் அதைத்தான் நினைக்கிறேன், ஆனால் ஒரு நிலையான எண்ணால் வருஷா வருஷம் சரிந்துகொண்டிருக்கிற ஒன்றைக் கட்டிப்போட முடியுமா என்பதில் எனக்குத் திருப்தி இல்லை.

அப்படியானால் பாலமெல்லாம் விழுந்துகொண்டிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். விழவில்லை, அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. இந்த எண்களில் பெரும்பாலானவை புஷ்-அவுட் சோதனையில் வந்தவை: ஒரு சிறிய ஸ்டீல் துண்டு, பக்கத்துக்கு ஒரு கான்கிரீட் பலகை, கொஞ்சம் ஸ்டட்டுகள். அங்கே ஒன்று தளர்ந்தால் சுமை போக வேறு இடமில்லை. நிஜ கர்டரில் நூற்றுக்கணக்கான ஸ்டட்டுகள் வரிசையாக நிற்கின்றன, ஒன்றில் விரிசல் வந்து தளர்ந்தால் அதன் சுமை அக்கம்பக்கத்துக்கு நகர்ந்துவிடும், தளர்ந்ததும் கொஞ்சம் பிழைத்துக்கொள்ளும். ஸ்லாபின் கனமும் சக்கரத்தின் கனமும் சேர்ந்து ஃபிளாஞ்சின்மேல் அழுத்துவதால் வரும் உராய்வும் ஒரு பங்கைச் சுமக்கிறது, அது எந்த ஷீட்டிலும் கிடையாது. ஆனால் அறுந்த ஸ்டட் வெளியே தெரியாது என்பதும் உண்மை. கர்டரில் விரிசல் வந்தால் பெயிண்ட்டில் துருக்கோடு தெரியும், கர்டர் உட்காரும் பேரிங் போனால் கண்ணுக்குத் தெரியும், இது ஸ்லாபுக்குள் புதைந்து கிடக்கிறது. ஸ்லாபை உடைத்து மாற்றும் நாளில்தான் பார்க்கலாம்.

அதனால் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் சைட்டில் நடப்பதுதான் கடைசி வாய்ப்பு. 19 மி.மீ. ஸ்டட்டுக்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் 1,500 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் வேண்டும். ஜெனரேட்டர் சிறியதாக இருந்தாலோ கேபிள் நீளமாக இருந்தாலோ வெல்டு பாதி உருகி நின்றுவிடும். அடியில் வைக்கிற பீங்கான் வளையம் ஈரமாக இருந்தால் வெல்டுக்குள் குமிழி. ஃபிளாஞ்சில் துருவோ பெயிண்ட்டோ இருந்தால் கேட்கவே வேண்டாம். ஷிஃப்ட் தொடங்கும்போது முதல் இரண்டு ஸ்டட்டை 30 டிகிரி வளைத்துப் பார்க்கச் சொல்கிறது அமெரிக்க வெல்டிங் விதி. மற்றவற்றைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்லது கணீரென்று ஒலிக்கும், கெட்டது மந்தமாக ஒலிக்கும். காலர் சுற்றி முழுதாக வராத ஸ்டட்டை, காலர் இல்லாத பக்கத்துக்கு எதிர்த்திசையில் 15 டிகிரி வளைத்துப் பார்த்து, விரிசல் வராவிட்டால் வளைந்தபடியே விட்டுவிடலாம். இதெல்லாம் ஒரு தடவைச் சுமைக்கு நல்ல சோதனை. ஃபட்டீக்குக்கு முக்கியமான காலரின் ஓர வெட்டைச் சுத்தியல் காட்டாது, வெளிச்சம் அடித்துக் குனிந்து பார்க்கிற கண்தான் காட்டும். ஸ்டட் கன் கிடைக்காத இடங்களில் நம் ஊரில் சேனல் துண்டை சாதாரண ஆர்க் வெல்டில் ஒட்டுவார்கள், அங்கே வெல்டு எப்படியிருக்கும் என்பது முழுக்க முழுக்க அந்த வெல்டர் கையில்.

வெல்டு காலர்தான் பிரச்சினை என்றால் அதையே தவிர்த்துவிட்டால் என்ன என்று யோசித்தவர்களும் உண்டு. வெனிசுவேலாவில் கரோனி ஆற்றின் மூன்றாவது பாலத்துக்காக ஜெர்மன் பொறியாளர் ஃப்ரிட்ஸ் லியோன்ஹார்ட்டின் அலுவலகம் 1980களில் ஒரு வழி செய்தது: ஸ்டட்டுக்குப் பதிலாக ஃபிளாஞ்சின்மேல் நீளவாக்கில் ஒரு தகடு, தகட்டில் வரிசையாக வட்டத் துளைகள். கான்கிரீட் துளைக்குள் புகுந்து இறுகிக் குச்சி மாதிரி வேலை செய்யும். தனித்தனி ஸ்டட் அடி இல்லை, நீளமான இரண்டு பக்கத் தையல் வெல்டு மட்டும், அதில் வீச்சும் குறைவு. வேலைச் சுமையில் வழுக்கல் கிட்டத்தட்ட இல்லை. துளைகளுக்குள் குறுக்குக் கம்பியைக் கோத்து எடுக்கிற வேலை மட்டும் கம்பி கட்டுகிறவர்களைச் சபிக்க வைக்கும்.

எனக்கு அதைவிட நம் பாலங்களுக்குப் பொருத்தமாகத் தெரிவது ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் செய்த வேலை. அங்கே பழைய பாலங்கள் பலவற்றில் கர்டரும் ஸ்லாபும் சேராமல் தனித்தனியாகக் கிடந்தன. அவற்றைச் சேர்க்க, ஃபிளாஞ்சில் துளையிட்டுப் போல்ட் வைத்து மூன்று விதமாகச் சோதித்து 2010-இல் வெளியிட்டார்கள். வெல்டு இல்லாததால் மூன்றுமே திரும்பத் திரும்ப வரும் சுமையில் ஸ்டட்டைவிட வெகு தூரம் தாங்கின. இதில் கணக்கு சுவாரசியமானது: பழைய பாலத்தில் நிறைய துளை போட முடியாது, கனெக்டர் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், குறைத்தால் ஒவ்வொன்றின் வீச்சும் ஏறும், வெல்டு ஸ்டட்டாக இருந்தால் அந்த எட்டாம் அடுக்கு கழுத்தைப் பிடித்துவிடும். போல்ட்டுக்கு அந்தத் தடை மிகவும் பின்னால்தான் வருகிறது, அதனால் குறைந்த எண்ணிக்கையிலேயே பாலத்துக்குக் கணிசமான பலம் கிடைக்கிறது. மூன்றில் பசை வைத்து ஒட்டும் வகையை முழுக்கக் கீழே இருந்தே, ஃபிளாஞ்சு வழியாக மேல்நோக்கித் துளையிட்டுப் பொருத்தலாம், மேலே தார் ரோட்டைத் தொட வேண்டாம், லாரிகளையும் நிறுத்த வேண்டாம்.